தூண்டி

இதற்குத் தூண்டி என்று பெயர் வைத்தவரைக் கண்டால்
ஒரு கேள்வி கேட்க வேண்டும்.
இது எதையும் தூண்டுவதில்லை ஐயா.
நிற்கிற மின்னோட்டத்தை ஓட விடாது,
ஓடுவதை நிற்க விடாது.
ஓர் எழுத்துச் சேர்த்தால் தூண்டில்.
அதற்காவது மீனிடம் ஒரு வேலை இருக்கிறது.

வாட்டர்லூ. ஜனவரி. இரவு பதினொரு மணி.
தலையுறை, முகக்கவசம், இரட்டைக் கையுறை.
நுண்ணோக்கியின் கீழே சில்லு.
அதில் எல்லாம் ஆண்டுக்காண்டு சிறுத்துவிட்டன,
கடுகாகி, கடுகைத் துளைத்த துளையாகி.
செம்புச் சுருள் மட்டும்
கலியாண வீட்டுக்கு முதல் நாளே வந்த மாமாபோல
நடுக்கூடத்தில் காலை நீட்டிக் கிடக்கிறது.
ஒதுங்கச் சொன்னால்
காந்தப்புலத்துக்கு இடம் வேண்டுமாம்.

ஆகவே கரியிடம் போனோம்.

முதலில், ஒருவருக்கும் சொல்லாமல்,
எட்டு-பி பென்சிலால் தாளில் ஒரு சுருள் வரைந்தேன்.
ஏழு சுற்று. விரல் முழுக்கக் கறுப்பு.
மீட்டரை வைத்தால் தடை,
தடைக்கு மேல் தடை.
தூண்டல் அந்த இரைச்சலுக்குள்
எங்கோ முணுமுணுத்திருக்கலாம்.
"இதை ஃப்ரிட்ஜில் ஒட்டு" என்றாள் ஜெபசெல்வி.

நாகர்கோவில்காரி. நான் இலத்திரன் என்பேன்,
அவள் எலக்ட்ரான் என்பாள்.
எனக்குச் சடத்துவம், அவளுக்கு நிலைமம்.
இந்த ஒன்றுக்காக ஒரு மதியச் சாப்பாடு முழுக்கச்
சண்டை பிடித்திருக்கிறோம்.

பிறகு புரோமின்.
கண்ணாடிக் குடுவையில் செம்பழுப்பு ஆவி,
கோபம் கொண்ட நீச்சல் குளத்தின் மணம்.
கிராஃபீன் அடுக்குகளுக்கு நடுவே அது புகுந்தது,
நெரிசல் பஸ்ஸில் இருவர் இருக்கையில்
"கொஞ்சம் தள்ளுங்கோ" என்று மூன்றாவதாய் அமர்பவர்போல.
அடுக்குகள் விலகின. தடை இறங்கியது.
தூண்டலை நாளைக்கு அளப்போம் என்று விளக்கணைத்தோம்.

கிங் வீதியும் கொலம்பியா வீதியும் சந்திக்கும் இடத்தில்
சிவப்பு விழுந்தது.
பிரேக்கை மிதித்தேன்.
கார் கேட்கவில்லை.
கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டியின் மேல்
அது தன்பாட்டில் போய்க்கொண்டே இருந்தது,
அவசரம் இல்லாமல், என்னைப் பொருட்படுத்தாமல்,
அந்த மூன்று விநாடியும்
நான் பயந்திருக்க வேண்டும்.
இலத்திரனை நினைத்துக்கொண்டிருந்தேன்.
திரும்பு என்கிறது மின்னழுத்தம்.
பொறு, வந்த வேகம் இன்னும் தீரவில்லை என்கிறது அது.
புலம் வேண்டாம், கை கால் நீட்ட வெளி வேண்டாம்,
வேகத்துக்குள்ளேயே மடித்து வைத்த பிடிவாதம்.

பனிமேட்டில் மூக்குக் குத்தி நின்றது கார்.
இறங்கிப் பார்த்தேன். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.
சாவி கையில், பூட்டு உறைந்துவிட்டது.
மைனஸ் இருபத்து நான்கு.

இழுவை வண்டிக்காரன் பெயர் டுவெய்ன்.
சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு குழாயை எடுத்துப்
பூட்டின் துளைக்குள் பீச்சினான்.
கறுப்புத் தூள்.
"என்ன அது?"
"கிராஃபைட்" என்றான். "அடுக்கு அடுக்காய் வழுக்கும். பூட்டுக்கு நல்லது."
நான் சிரிக்கத் தொடங்கி நிறுத்த முடியாமல் நின்றேன்.
தலையில் அடிபட்டதா என்று
என் கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான்.

காலையில் அளந்தோம்.
அதே இடத்தில் செம்பைவிட ஒன்றரை மடங்கு.
செல்வி திரும்ப அளந்தாள். திரும்பவும்.
பிறகு மேசையில் இரண்டு தட்டுத் தட்டி
"சரி, சடத்துவம்" என்றாள்.

நான்காம் நாள் எண் சரியத் தொடங்கியது.
மூன்றாவதாய் அமர்ந்தவர்
ஒவ்வொருவராக இறங்கிப் போகிறார்கள்.
மேலே ஒரு மூடி தேவை. எதனால் என்று தெரியவில்லை.

இழுவைக் கூலி நூற்று நாற்பது டாலர்.
ரசீதை ஆய்வகக் கணக்கில் சேர்த்தேன்,
பொருள்: கிராஃபைட்,
அளவு: ஒரு பூட்டு.
இன்னும் யாரும் கேட்கவில்லை.